வரி, நன்கொடை பற்றி ப்ராஜெக்டா? கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போங்கள்

பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருடம் படிக்கிறேன், ப்ராஜெக்ட் தலைப்பு வரிச்சலுகையும் நன்கொடையும். இதே மாதிரித் தலைப்பு எடுத்தவர்கள் யாராக இருந்தாலும் மக்களிடம் கேட்கப்போகும் கேள்விகளைத் தயார் செய்வதற்கு முன்னால் சென்னை கோட்டூர்புரத்தில் இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிடுங்கள். லிஃப்டில் நேராக நான்காம் தளம்.

பொருளாதாரம், வணிகவியல், சட்டம் மூன்றும் அந்த ஒரே தளத்தில் இருப்பதுதான் காரணம். அரசின் வரி, செலவு பற்றிச் சொல்லும் பொதுநிதிப் பாடப்புத்தகத்தில் 'கொடையின் விலை' என்று ஒன்று வரும், அதாவது நாம் கொடுக்கும் ஒரு ரூபாயில் வரி மிச்சம் போக நம் கையை விட்டு உண்மையில் போவது எவ்வளவு என்பது. அந்த விலை குறைந்தால் கொடை கூடுகிறது என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மார்ட்டின் ஃபெல்ட்ஸ்டீன் 1970-களில் அமெரிக்க வரிக் கணக்குகளை வைத்து எழுதினார். சரி, இதை நம்ம ஊருக்கு எப்படிப் போடுவது? பக்கத்து அலமாரியில் வருமான வரிப் புத்தகங்கள் இருக்கின்றன, எடுத்துவந்து அதே மேஜையில் வைத்துக் கணக்குப் போடலாம். பழைய வரி முறையில் 30 சதவீத வரம்பில் இருப்பவர், வரிமேல் போடும் செஸ்ஸோடு 31.2. பாதித் தொகைக்குக் கழிவு (வரி போடும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்வது) கிடைக்கும் அறக்கட்டளைக்கு 1,000 ரூபாய் கொடுத்தால் 156 ரூபாய் வரி மிச்சம், அவருக்கு ஆகும் செலவு 844. முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குக் கொடுத்தால் முழுத் தொகைக்கும் கழிவு உண்டு, செலவு 688. கழிவுகள் பெரும்பாலும் இல்லாத புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜி கழிவே (1961 வருமான வரிச் சட்டத்தில் நன்கொடைக்கான பிரிவு இது) கிடையாது, ஆயிரம் கொடுத்தால் ஆயிரமும் அவர் கைக்காசு. நோட்டில் இந்த மூன்று எண்களையும் வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் என் ப்ராஜெக்டுக்கு உயிர் வந்தது, ஏனென்றால் 2023-24 நிதியாண்டிலிருந்து நாமாக மாற்றிக்கொள்ளாவிட்டால் புதிய முறைதான். வரிச்சலுகைக்காகத்தான் கொடுத்தார்களா, மனசுக்காகக் கொடுத்தார்களா என்று கேட்க இதைவிட நல்ல சமயம் அமையாது.

அங்கே புத்தகம் தேடிக் கொடுத்த மேடம் ஒருவர் என் தலைப்பைக் கேட்டுவிட்டு, "முதல்ல சட்டத்தைப் படிச்சிடுங்கம்மா, யார்கிட்ட என்ன கேக்கணும்னு அதுலேயே தெரிஞ்சிடும்" என்றார். அவ்வளவும் உண்மை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது, 2017-க்கு முன்னால் அந்த வரம்பு 10,000. பொருளாகக் கொடுத்தால் கழிவே இல்லை. 2015 வெள்ளத்தில் சென்னையில் எத்தனை பேர் பால் பவுடரும் போர்வையும் பிஸ்கட்டும் கட்டிக் கொடுத்தார்கள், அதில் எதுவும் 80ஜி கணக்கில் வராது. முதியோர் இல்லத்துக்கு இறக்கிவைக்கும் அரிசி மூட்டையும் அப்படித்தான். கபாலீஸ்வரர் கோயில் திருப்பணிக்கு நன்கொடை கொடுத்து ரசீது வாங்கினால் கழிவு உண்டு, உண்டியலில் போட்டால் ரசீதும் இல்லை, கழிவும் இல்லை. ஆகவே "வருடத்துக்கு எவ்வளவு தானம் செய்கிறீர்கள்" என்று மொட்டையாகக் கேட்டால் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பழைய முறையா புதிய முறையா, பணமா பொருளா, ரசீது வாங்கினீர்களா, இந்த மூன்றையும் பிரித்துக் கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயம், இங்கே படிப்பது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து எழுதிய புத்தகங்கள் என்றால் பிரிவு எண்களை அப்படியே எழுதிவிடாதீர்கள். 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததில் எண்கள் மாறிவிட்டன. ஆனால் பழைய ஆண்டுகளின் புத்தகங்கள் இந்தத் தலைப்புக்குத் தங்கம், வரம்பு எப்போது மாறியது என்று வருடவாரியாகப் பார்க்கலாம்.

கல்லூரிக்குப் பக்கத்தில் பைண்டிங் கடையில் இதே தலைப்பில் ரெடிமேட் ப்ராஜெக்ட் காட்டினார்கள். புரட்டிப் பார்த்தேன், புதிய வரி முறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

நூலகத்துக்குக் கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். தரைத்தளத்தில் சொந்தப் புத்தகம் வைத்துப் படிக்கும் பகுதி போட்டித் தேர்வுக்காரர்களால் சீக்கிரம் நிரம்பிவிடும், மேலே வார நாட்களில் எனக்கு ஜன்னலோர மேஜையே கிடைத்தது. 80ஜி கழிவால் அரசுக்கு எவ்வளவு வருவாய் குறைகிறது என்ற எண்ணுக்கு மட்டும் இங்கே அலைய வேண்டாம், மத்திய பட்ஜெட்டின் வரவுப் பகுதியில் வரிச்சலுகைகளின் வருவாய்த் தாக்கம் என்று இணைப்பு ஒன்று வருடா வருடம் வருகிறது, வீட்டிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம்.