அடையாறு வாயும் ஹூக்ளி வாயும்
கோடையில், சென்னையில் அடையாற்று வாயருகே இருக்கும் உடைந்த பாலத்துப் பக்கம் போய்ப் பாருங்கள், பல வருடங்களில் அடையாறு கடலைத் தொடுவதே இல்லை, நடுவில் ஆள் நடந்து போகும் அளவுக்கு மணல் திட்டு. சென்னையில் ஓதம், அதாவது கடல் மட்டம் தினமும் ஏறி இறங்குவது, சுமார் ஒரு மீட்டர்தான், ஆற்றிலும் அப்போது தண்ணீர் கிடையாது, அதனால் தென்மேற்குப் பருவ அலைகள் தெற்கிலிருந்து தள்ளிவரும் மணல் அப்படியே வாயை அடைத்துக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வந்துதான் உடைக்க வேண்டும்.

வங்காளத்தில் கங்கையின் கிளையான ஹூக்ளி நேர்மாறு. அதன் வாயிலுள்ள சாகர் தீவருகே அமாவாசை, பௌர்ணமி ஓதம் 5 மீட்டரை நெருங்கும். தினம் இரண்டு முறை புகுந்து வெளியேறும் அந்த நீரே வாயைப் புனல்போல விரித்து வைத்திருக்கிறது. ஆனால் வண்டல் விடாது, ஹால்டியா துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்காகத் தூர்வாரிக்கொண்டே இருக்கிறார்கள். அடையாற்றில் தூர்வாருவதென்றால் புரட்டாசியில், மழைக்குச் சற்று முன் செய்ய வேண்டும், சித்திரையில் வாரினால் அலை திரும்ப மூடிவிடும்.