விழுந்த கல்லா, அள்ளி வந்த மண்ணா?

உயிரின் மூலப்பொருள் விண்ணிலிருந்து வந்ததா என்று சோதிக்க இரண்டு வகைச் சரக்கு கைவசம் உண்டு.

ஒன்று விண்கல். 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்ததில் 100 கிலோவுக்கு மேல் கிடைத்தது. பொடித்து, வெந்நீரில் வைத்துச் சாறெடுக்கத் தாராளமாகப் போதும். சிக்கல், மண் ஈரமும் கைரேகையும்தான். தொட்ட விரலின் வியர்வையே, புரதத்தின் கட்டுக்கல்லான அமினோ அமிலத்தைச் சேர்த்துவிடும். அதனால் கிளைசின் போன்ற சாதாரண அமினோ அமிலம் கிடைத்ததும் குதிக்கக் கூடாது. பூமி உயிர்களிடம் அரிதான ஐசோவாலின் என்ற அமினோ அமிலத்தைத் தேட வேண்டும். அதில் கார்பன்-13 என்ற கனமான கார்பன் வகையின் விகிதம் தூக்கலாக இருந்தால் சரக்கு வெளியூர்தான். (1864இல் பிரான்சில் விழுந்த ஒர்கேய் கல்லில் யாரோ விதைகளைப் பசைபோட்டு ஒட்டிவைத்த கூத்தும் நடந்திருக்கிறது.)

மற்றது, விண்கலம் அள்ளி வந்த மண். ரியூகு என்ற சிறுகோளிலிருந்து 5.4 கிராம், பென்னு என்ற சிறுகோளிலிருந்து 121.6 கிராம். அளவு சொற்பம், ஆனால் சுத்தம். பென்னு மண்ணை நைட்ரஜன் ஓடும் பெட்டிக்குள் வைத்துக் கையாள்கிறார்கள். புரதத்துக்கான 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன; அவற்றின் இடக்கை, வலக்கை வடிவங்கள் (ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்றவை) ஏறக்குறையச் சமம். மர்ச்சிசன் ஐசோவாலினோ இடப்பக்கம் சாய்ந்தது.

மாசுதான் சந்தேகம் என்றால் பென்னுவையே நம்பலாம். பெட்டியை விட்டு வெளியே வந்தால் மண்ணும் தப்பாது: ரியூகு துகள் ஒன்றில் பூமி நுண்ணுயிர்களே குடியேறிவிட்டன.