டைப்ஸ்கிரிப்ட் புதிய பதிப்பு: விஎஸ் கோடுக்குள் எந்த வழியாகக் கொண்டுவருவது?

எடிட்டரில் ஒரு சிவப்புக் கோடு கூட இல்லை. டெர்மினலில் பில்ட் செய்தால் (எழுதியதை ஓடக்கூடிய கோப்புகளாக மாற்றினால்) பிழை கொட்டுகிறது. இப்படி நடந்தால் எழுதிய கோட் (புரோகிராம்) தவறோ என்று சந்தேகிக்க முன், எத்தனை டைப்ஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்டோடு வகைகளைச் சேர்த்து, ஓடுமுன்பே பிழை பிடிக்கும் மொழி) ஓடுகிறது என்று பாருங்கள். விஎஸ் கோட் என்ற எடிட்டர் தன்னோடு டைப்ஸ்கிரிப்டின் ஒரு பதிப்பைக் கொண்டுவருகிறது. புரொஜெக்டுக்காக இறக்கிய பொதிகள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் இன்னொன்று இருக்கும். நாம் மாற்றும்வரை எடிட்டர் நம்புவது முதலாவதை. பில்ட் நம்புவது இரண்டாவதை.

5.5 பதிப்பு (2024) இதற்கு நல்ல உதாரணம். எண்களும் அன்டிஃபைன்டும் (மதிப்பு இல்லை என்ற குறி) கலந்த ஒரு அரேயை (பட்டியலை) ஃபில்டர் செய்து, அன்டிஃபைன்டை நீக்குகிறீர்கள். 5.5 விடையை வெறும் எண்களின் அரே என்று தானே புரிந்துகொள்ளும். 5.4 அப்படிப் புரிந்துகொள்ளாது. எடிட்டர் 5.5, புரொஜெக்ட் 5.4 என்றால் பிழை பில்டில்தான் வெளிப்படும். ஹட்டனில் ஒருவர், பண்டாரவளையில் ஒருவர், கொழும்பில் ஒருவர் என்று பிரிந்திருந்து வேலை செய்யும் குழுவில், யாருடைய திரையை நம்புவது என்ற குழப்பம் இங்கேதான் தொடங்கும்.

எடிட்டரோடு வரும் பதிப்பையே வைத்திருப்பது முதல் வழி. செய்ய ஒன்றுமில்லை. பதுளையில் ஒரு மாணவர் பயிற்சிக்காக இரண்டு மூன்று கோப்பு எழுதுவதற்கு இது தாராளம். ஆனால் பதிப்பை மாற்ற வேண்டுமென்றால் விஎஸ் கோடையே முழுதாகப் புதுப்பிக்க வேண்டும். ரீலோட் போட்டு டேட்டா பாவிப்பவருக்கு அது பெரிய இறக்கம். டைப்ஸ்கிரிப்ட் பொதி மட்டும் என்றால் அதைவிட மிகச் சிறிது, 5.0இல் அதை உருவாக்கும் மைக்ரோசாஃப்டே அதை 63.8 எம்பியிலிருந்து 37.4 எம்பியாகக் குறைத்தார்கள், அதுவும் விரித்த பிறகான அளவு.

இரண்டாவது வழி புரொஜெக்டின் பதிப்பை எடிட்டருக்கும் கொடுப்பது. குழு வேலைக்கு எங்கள் தெரிவு இதுதான். என்பிஎம் (பொதிகளை இறக்கி நிறுவும் கருவி) இன்ஸ்டால் செய்யும்போது சேவ்-எக்ஸாக்ட் சேர்த்து, பதிப்பு எண்ணை முழுதாகப் பூட்டுங்கள். எண்ணுக்கு முன்னால் கூரைக் குறி (^) இருந்தால் 5.4 கேட்ட இடத்தில் 5.5 வந்து உட்காரும். டைப்ஸ்கிரிப்டில் அந்த நடு எண் மாறினாலே பழைய கோட் உடையக்கூடும். பிறகு ஒரு டைப்ஸ்கிரிப்ட் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்தி, "செலெக்ட் டைப்ஸ்கிரிப்ட் வெர்ஷன்" என்பதில் "யூஸ் வொர்க்ஸ்பேஸ் வெர்ஷன்" தெரிவு செய்யுங்கள். கோப்பு திறந்திராவிட்டால் அந்தக் கட்டளையே பட்டியலில் வராது.

தெரிவு காணாமல் போக இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஃபோல்டரை ரெஸ்ட்ரிக்டட் மோடில் (நம்பலாம் என்று நாம் உறுதிசெய்யாத ஃபோல்டருக்கான பாதுகாப்பு நிலை) திறந்திருப்பது. மற்றது, ஃப்ரன்ட் என்டும் பேக் என்டும் தனித்தனி ஃபோல்டர்களாக இருக்க, மேலேயுள்ள தாய் ஃபோல்டரைத் திறந்திருப்பது. அப்போது செட்டிங்ஸில் டிஎஸ்டிகே (எடிட்டர் எந்த டைப்ஸ்கிரிப்டை எடுக்க வேண்டும் என்று சொல்லும் இடம்) என்பதற்கு, உள் ஃபோல்டரின் நோட் மாட்யூல்ஸில் டைப்ஸ்கிரிப்டுக்குள் இருக்கும் லிப் வரையான பாதையைக் கையால் எழுத வேண்டும். பொதியைப் புதுப்பித்த பின் "ரீஸ்டார்ட் டிஎஸ் சர்வர்" (எடிட்டரின் பின்னணியில் பிழை பார்க்கும் டைப்ஸ்கிரிப்ட் நிரலை மீளத் தொடங்கும் கட்டளை) கொடுக்க மறந்தால், நினைவகத்தில் பழைய பதிப்பே ஓடிக்கொண்டிருக்கும்.

மழைக்காலத்தில் சிக்னல் அறுந்து அறுந்து வரும் தோட்டப் பக்கங்களில் இன்ஸ்டால் பாதியில் நின்றுவிடும். இணைப்பு நன்றாக உள்ள இடத்தில் என்பிஎம் பேக் கட்டளையால் அந்தப் பதிப்பை ஒரே கோப்பாக எடுத்து, பென் டிரைவில் கொண்டுபோகலாம். நிறுவும்போது நோ-சேவ் சேர்ப்பது முக்கியம். இல்லாவிட்டால் பேக்கேஜ் ஜேசனில் (புரொஜெக்டுக்குத் தேவையான பொதிகளைக் குறித்துவைக்கும் கோப்பு) பென் டிரைவின் பாதை பதிவாகி, அடுத்தவர் கணினியில் இன்ஸ்டால் விழும்.

மூன்றாவது வழி, கோ (Go) என்ற நிரல் மொழியில் மீள எழுதிய டைப்ஸ்கிரிப்ட். 2025 மார்ச்சில் அறிவித்து, மே மாதம் "நேட்டிவ் பிரிவியூ" எக்ஸ்டென்ஷனாகத் தந்தார்கள். வேகம் உண்மையானது: விஎஸ் கோடின் சொந்தக் கோடைச் சோதிக்க 77.8 வினாடி எடுத்தது 7.5 வினாடியாக இறங்கியது. நினைவகமும் ஏறத்தாழப் பாதிதான். 8 ஜிபி பழைய மடிக்கணினிக்கு இது சின்ன விஷயமில்லை. பழைய டிஎஸ் சர்வருக்கு விஎஸ் கோட் வைத்திருக்கும் நினைவக உச்சவரம்பு மட்டுமே 3072 எம்பி.

ஆனாலும் அவசரப்பட வேண்டாம். பழைய சர்வரில் செருகி ஓடும் பிளகின்கள் புதியதில் அப்படியே ஓடாது, அவற்றை நம்பும் புரொஜெக்டில் இதைப் போட்டால் உதவி குறையும். முதல் வெளியீட்டில் பெயர் மாற்றுவதும் ஆட்டோ இம்போர்ட்டும் கூட இருக்கவில்லை. பென் டிரைவ் உத்தியிலும் கவனம் வேண்டும்: பழைய டைப்ஸ்கிரிப்ட் வெறும் ஜாவாஸ்கிரிப்ட், விண்டோஸில் எடுத்தது லினக்ஸிலும் ஓடும். இதுவோ ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனி பைனரி (நேரடியாக ஓடும் கோப்பு). பெரிய கோட்பேஸை வாசிக்கவும் தேடவும் இதைப் பாவியுங்கள். கொமிட் செய்ய (மாற்றத்தைப் பதிவுசெய்ய) முன் புரொஜெக்டில் பூட்டிய பதிப்பால் ஒருமுறை சோதியுங்கள்.