பாண்டிச்சேரியா, செட்டிநாடா: பழைய வீட்டில் ஒரு ராத்திரி

என் தங்கைக்குக் கல்யாணமாகி இந்தத் தை மாதத்தோடு பத்து வருஷம். "ஒரே ஒரு ராத்திரிதான் கிடைக்கும், பிள்ளைகளை அம்மா பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டா. பழைய வீட்டை ஹோட்டலாக்கி வச்சிருக்காங்களே, அந்த மாதிரி இடத்துல நல்லா வசதியா தங்கணும். பாண்டிச்சேரியா, செட்டிநாடா? நீயே சொல்லுக்கா" என்றாள். இரண்டு பக்கமும் பல தடவை தங்கியவள் நான். போனில் அவளிடம் சொன்னதைவிட விட்டுப்போனது அதிகம். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு விஷயம் பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பிரெஞ்சுக்காரர் கட்டிய வீட்டில் அறைதான் வீடு. செட்டிநாட்டு வீட்டிலோ அறையைத் தவிர மற்றதெல்லாம் வீடு.

பாண்டியில் பிரெஞ்சுக்காரர் குடியிருந்த கடலோரப் பகுதிக்கு வெள்ளை நகரம் என்று பெயர். அங்கே இருக்கும் வீடுகளைப் பாருங்கள். தெருப்பக்கம் உயர்ந்த மதில், பெரிய கதவு, உள்ளே தோட்டம், வளைவு வைத்த தூண் வரிசை, மாடியில் படுக்கையறைகள். ஒவ்வொரு அறையும் ஒருவர் தூங்கி எழுந்து, உடுத்தி, உட்கார்ந்து எழுதுவதற்கென்றே கட்டியது. ஹோட்டலாக்கும்போது குளியலறை சேர்த்தால் போதும், அறை தன் பழைய வேலையையே செய்துகொண்டிருக்கும். ரோமேன் ரோலன் தெருவில் இருக்கும் ஹோட்டல் தெ லோரியான் ஒரு காலத்தில் கல்வித்துறை அலுவலகமாக இருந்த கட்டடம். அப்படியிருந்தும் உள்ளே போனால் யாரோ குடியிருந்த வீட்டுக்குள் நுழைகிற உணர்வுதான் வருகிறது.

அந்த மாதிரி அறையில் நான் முதலில் செய்வது, படுத்துக்கொண்டு மேலே பார்ப்பது. இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே மர உத்திரங்கள். அவற்றின்மேல் சின்னச் சின்னச் செங்கற்களை நிமிர்த்தி, கோணலாக அடுக்கி, சுண்ணாம்பால் இறுக்கிய கூரை. மெட்ராஸ் டெரஸ் என்று கட்டடக்காரர்கள் சொல்வது இதைத்தான். காலையில் ஜன்னலின் சாய்பலகைகள் வழியாக வெளிச்சம் கோடு கோடாகத் தரையில் விழும். அதைப் பார்த்துக்கொண்டே இன்னும் அரை மணி நேரம் கிடக்கலாம்.

ஆனால் "முந்நூறு வருஷத்து மாளிகை" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நின்று கேளுங்கள். 1761-இல் ஆங்கிலேயர் இந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-க்குப் பிறகுதான் ஊர் மறுபடி எழும்பியது. பழைய பாணியில் புதிதாகக் கட்டிய இடங்களும் உண்டு. அவை மோசம் என்று சொல்ல வரவில்லை. பழைய வீட்டுக்கென்று காசு கொடுக்கிறவர், கட்டிய காலத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

இனி செட்டிநாடு. கானாடுகாத்தான், கோத்தமங்கலம், கடியாபட்டி என்று எந்த ஊருக்குப் போனாலும் வீட்டின் ஒழுங்கு ஏறக்குறைய ஒன்றுதான். முகப்பு, அதில் திண்ணை, உள்ளே தூண்கள் வரிசையாக நிற்கும் வளவு, வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம், பின்னால் இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முற்றத்தைச் சுற்றி வரிசையாக இருக்கும் அறைகள் கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொன்று. அங்கே சீர் சாமான், பெட்டகம், வெள்ளிப் பாத்திரம் எல்லாம் இருக்கும். புழக்கமோ வெளியே, தூண்களுக்கு நடுவே. பகலில் பேச்சும் வேலையும், ராத்திரி பாய் விரித்துத் தூக்கமும் அங்கேதான்.

இது புரியாமல் போனால் ஏமாற்றம் நிச்சயம். பெரிய தொகை கட்டிவிட்டு அறைக்கதவைத் திறந்தால், சின்னதாக, ஜன்னல்கூடச் சரியாக இல்லாமல், சாமான் வைத்த அறை சாமான் வைத்த அறையாகவே இருக்கும். கெட்டிக்கார முதலாளிகள் இரண்டு அறையை ஒன்றாக்குகிறார்கள், அல்லது மாடியில் காற்றோட்டமான அறைகளைக் கொடுக்கிறார்கள். பதிவு செய்யும்போதே "ஜன்னல் இருக்கிற அறையா?" என்று கேட்டுவிடுங்கள். 1930-களின் ஆர்ட் டெகோ என்ற மேல்நாட்டுப் பாணியில் கட்டிய, இப்போது ஹோட்டலாக இருக்கும் கானாடுகாத்தான் விசாலம் மாதிரி வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. ஒரு தகப்பனார் தன் மகளுக்காகக் கட்டிய வீடு அது.

சரி, அப்படியானால் செட்டிநாட்டில் எதற்குத்தான் காசு? கால் சொல்லும். செருப்பைக் கழற்றிவிட்டு வளவில் நடந்து பாருங்கள். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியில் பட்டிருந்த பக்கம்தான் நம் காலில் படும் பக்கம். நடக்க நடக்க மெருகு ஏறும். சித்திரை வெயிலில் தெருவில் கால் வைக்க முடியாத மதியத்தில்கூட அது சில்லென்றுதான் இருக்கும். சுவரைத் தொட்டால் இன்னும் குளிர்ச்சி. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்துத் தேய்த்த பூச்சு அது. கன்னத்தை வைத்தால் எடுக்க மனசு வராது. பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டு, முற்றத்தின் வெளிச்சம் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகர்வதைப் பார்க்கத்தான் அங்கே போக வேண்டும். அறைக்குள் அடைந்து டிவி பார்ப்பதற்கு அவ்வளவு தூரம் போவது வீண்.

எனக்கு இந்த வீடுகள்மேல் கூடுதல் பாசம் இருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. 1942-இல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்ததோடு, இந்த வீடுகளைக் கட்டிய வணிகர்களான நகரத்தார் பலருக்கு அங்கிருந்து வந்த வருமானம் முறிந்தது. அதன்பின் வீடுகள் பங்காளிகள் கைக்குப் பிரிந்து போயின. பூட்டிக் கிடந்து ஓடு சரிந்தவை எத்தனையோ. பிரித்து விற்ற தூண்களையும் கதவுகளையும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. நாம் கொடுக்கும் வாடகையில் ஒரு பகுதி ஓடு மாற்றவும் சுண்ணாம்பு பூசவும் போகிறது என்றால், அந்தக் காசு எனக்குக் கனக்கவில்லை.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு, பலர் யோசிக்காதது. பாண்டியிலேயே, வெள்ளை நகரத்தைப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் தமிழர் பகுதி. தெருவோரம் மரத்தூண் நிறுத்திய தாழ்வாரம், அதையடுத்துத் திண்ணை, உள்ளே முற்றம், வீட்டுக்கு வீடு ஒட்டிய சுவர். கீழ்த்தளம் தமிழ் வீடு, மாடி பிரெஞ்சுக்காரர் பாணி. இப்படிப்பட்ட வீடுகளைப் புதுப்பித்த வைசியாள் தெருவுக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. பெருமாள் கோயில் தெருவில் இருக்கும் மேசோன் பெருமாள் என்ற ஹோட்டல் இந்த வகை வீடுதான். மாடியில் அறை கேட்டால் ஜன்னலும் கிடைக்கும், கீழே இறங்கினால் முற்றமும் இருக்கும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளை நகரத்தில் நான் தங்கிய ஓரிடத்தில் ஜன்னலுக்குக் கீழேயே ஜெனரேட்டர். மின்சாரம் போன ராத்திரி இரண்டு மணிக்கு அந்த நூறு வருஷத்து அறை முழுக்க அதிர்ந்தது. சனி, ஞாயிறுகளில் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் போட்டோ எடுக்கும் கூட்டம் வேறு. செட்டிநாட்டில் தெரு அமைதியாக இருக்கும், சத்தம் வீட்டுக்குள்ளிருந்துதான் வரும். முற்றத்தின் ஒரு மூலையில் மெதுவாகப் பேசினாலும் எதிர் மூலைக்குத் தெளிவாகக் கேட்கும். ஒரு தடவை, நாங்கள் இருந்த வீட்டைச் சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணப் படப்பிடிப்புக்கு விட்டிருந்தார்கள். சாயங்காலம் முழுக்க வளவுப் பக்கம் போகவே முடியவில்லை. வளவு இல்லாத செட்டிநாட்டு வீட்டில் நமக்கு என்ன மிச்சம்? அன்றிலிருந்து "அன்றைக்கு ஷூட்டிங் ஏதாவது உண்டா?" என்று கேட்காமல் நான் பணம் கட்டுவதில்லை.

சாப்பாட்டில் எனக்குச் சந்தேகமே கிடையாது, செட்டிநாடுதான். 'பங்களா' என்ற ஹோட்டலில் வாழை இலை போட்டுப் பரிமாறும் மதியச் சாப்பாட்டுக்காகவே காரைக்குடி போகலாம். அதோடு வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி.

அடுத்தது கணக்கு. அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அது சேர்த்த தொகையா, சேர்க்காததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து பாண்டி சுமார் 150 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மதியம் அறையில் இருக்கலாம். காரைக்குடி 400 கிலோமீட்டருக்கும் மேல். மதியம் சென்னையில் பல்லவன் ரயிலில் ஏறினால் போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும். முற்றத்து வெளிச்சத்துக்காகப் போகிறவர் இருட்டில் இறங்கி, மறுநாள் காலைச் சாப்பாட்டோடு பெட்டியைக் கட்டினால் பாதி வீட்டைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

ஆகவே தங்கைக்கு நான் சொன்னது இது. சென்னையிலிருந்து ஒரே ராத்திரி என்றால் பாண்டி, அதிலும் தமிழர் பகுதி, மாடி அறை, வார நாளில். சாயங்காலம் 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், இரண்டு பேரும் நிம்மதியாக நடக்கலாம். கூடவே ஒரு நாள் லீவு கிடைத்தால் யோசிக்காமல் செட்டிநாடு. மதுரையிலோ திருச்சியிலோ இருப்பவர்களுக்கு நான் பாண்டியைச் சொல்லவே மாட்டேன். இரண்டு மணி நேரத்தில் கானாடுகாத்தான் வந்துவிடும்.

நேற்று மறுபடி கூப்பிட்டாள். மாப்பிள்ளை இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டாராம். கோத்தமங்கலம் சாரதா விலாஸுக்குப் பேசியிருக்கிறாளாம், மாடியில் ஜன்னல் உள்ள அறையாகவே கேட்டாளாம்.