பத்து நாள் கெடு

"டிஸ்க் நிரம்பிவிட்டது, டெம்ப்பில் இருப்பதையெல்லாம் ஆர்எம் போட்டுத் துடைத்துவிடலாமா?" என்று நண்பர் கேட்டார். டெம்ப் என்பது தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் ஃபோல்டர், ஆர்எம் கோப்புகளை அழிக்கும் கட்டளை. வேண்டாம் என்றேன். ஏன் என்றதும் எனக்கு ஆறாத கோபம் ஒன்று கிளம்பிவிட்டது.

சிஸ்டம்டி (கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் மென்பொருள்) இருக்கும் லினக்ஸில் பழைய தற்காலிகக் கோப்புகளை அழிப்பதற்கென்றே டெம்ப்ஃபைல்ஸ் என்ற கருவி உண்டு. கணினி எழுந்த 15 நிமிடத்தில் ஒரு முறை, பிறகு தினமும் ஒரு முறை பெருக்கும். இயல்பான அமைப்பில் டெம்ப்புக்கு 10 நாள் கெடு, வார்-டெம்ப் என்ற இன்னொரு தற்காலிக ஃபோல்டருக்கு 30 நாள். ஆறு வருடமாக இதைத்தான் நம்பியிருக்கிறேன். கோப்பைப் படித்த நேரம், எழுதிய நேரம், ஐநோடு (கோப்பைப் பற்றிய விவரக் குறிப்பு) மாறிய நேரம் மூன்றுமே கெடு தாண்டியிருந்தால்தான் கை வைக்கும். 2009-இல் எழுதிய கோப்பை இன்று டார் என்ற தொகுப்புக் கோப்பிலிருந்து பிரித்துப் போட்டால் எழுதிய நேரம் 2009 என்றேதான் காட்டும். ஆனால் ஐநோடு இன்றையது, அதனால் தப்பிக்கும். நாமே ஃபைண்ட் என்ற தேடும் கட்டளையில் எம்டைம் (எழுதிய நேரம்) மட்டும் பார்த்து அழித்திருந்தால் முதல் பலி அதுதான். இந்த நிதானம் எனக்கு இல்லை.

சரி, கோபத்துக்கு வருகிறேன். ஒரு சோதனையின் முடிவுகளை டெம்ப்பில் போட்டு, கணினியை ஓடவிட்டுவிட்டு இரண்டு வாரம் வெளியூர் போனேன். போன வாரம் திரும்பினால் ஃபோல்டர் காலி. எச்சரிக்கை இல்லை, குப்பைத்தொட்டி இல்லை. பெயரே தற்காலிகம் என்கிறது, தப்பு என்னுடையது, தெரியும். அதன் அமைப்புக் கோப்புகள் இருக்கும் டெம்ப்ஃபைல்ஸ்-டி ஃபோல்டரில் சின்ன எக்ஸ் போட்டு அந்தப் பாதையை ஒரு வரி எழுதியிருந்தால் தொட்டிருக்காது. 2024-இல் வந்த சிஸ்டம்டி 256-ஆம் பதிப்பிலிருந்து, எதை அழிக்கும் என்று முன்கூட்டியே காட்டும் டிரை-ரன்னும் இருக்கிறது. ஒரு நாளாவது ஓட்டிப் பார்த்தேனா?

நண்பரின் டெம்ப்போ டிஎம்பிஎஃப்எஸ் வகை, இருப்பதே ராமில். முழுக்கத் துடைத்தாலும் டிஸ்க்கில் ஒரு எம்பி திரும்பாது. டிஸ்க்கின் காலியிடம் காட்டும் டிஎஃப் நிரம்பியது என்கிறது, கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ கணக்கில் பாதிகூட வரவில்லை. அழித்த பிறகும் திறந்தே இருக்கும் கோப்புகளைப் பார்க்க, எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் பிளஸ் எல்1 போடச் சொன்னேன். அவர் வார்-டெம்ப்பில் ஏற்கெனவே அழித்த பெரிய கோப்பு ஒன்றை ஒரு புரோகிராம் இன்னும் திறந்து பிடித்துக்கொண்டிருந்தது. புரோகிராமை மூடினார், இடம் வந்துவிட்டது.

"டெம்ப்ஃபைல்ஸ் அருமையான கருவி, அதன் போக்கில் விடுங்கள்" என்று அவருக்கு எழுதி அனுப்பினேன். என் கணினியில் அதன் டைமரை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது.