ஒரே சர்வர்ல தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ்: ஓடூவா, ஈஆர்பிநெக்ஸ்ட்டா?

ஓடூவும் ஈஆர்பிநெக்ஸ்ட்டும் சரக்கு, பில்லு, கணக்கு எல்லாத்தையும் ஒரே எடத்துல பாத்துக்கற சாஃப்ட்வேர். இதுல மெனு தமிழ்ல வருமானுதான் எல்லாரும் மொதல்ல கேப்பாங்க. அது ஒரு மேட்டரே இல்லீங்க, ரெண்டுலயும் யூசருக்கு யூசர் மொழிய மாத்திக்கலாம், பத்து நாள்ல எந்த பட்டன் எங்கனு கை பழகிரும். உங்க சரக்கோட பேரு மூணு மொழியில எங்க போய் உக்காருதுங்கறதுலதான் விஷயமே இருக்கு.

திருப்பூர்ல ஒரு நூல் வியாபாரிக்கு போன வருஷம் செட் பண்ணிக் குடுத்தேன். கோடவுன் அண்ணனுக்கு தமிழ் மட்டும், பேக்கிங்ல இருக்கற பசங்களுக்கு ஹிந்தி, ஆடிட்டருக்கு இங்கிலீஷ். மொழிக்கு ஒரு சர்வர் போட்டுரலாம்னு ஒருத்தர் ஐடியா குடுத்தாரு, ஸ்டாக்கு மூணா பிரிஞ்சு சாயங்காலம் எது நெசம்னு சண்டை வரும், அத அப்பவே விட்டுட்டோம். இன்னொரு வழி நம்மூர்ல எல்லாரும் பண்றது, ஒரே கட்டத்துல ஸ்லாஷ் போட்டு ரெண்டு மொழியையும் அடிச்சு வைக்கறது. சின்ன கடைக்கு அது போதும், சும்மா சொல்லல, ஆனா மூணாவது மொழி வந்தா பேரு ரயில் மாதிரி நீளும். அதுவும் தமிழ் எடத்த ரொம்ப அடைக்கும், 'பருத்தி நூல்'ங்கறது நம்ம கண்ணுக்கு ஆறே எழுத்து, கம்ப்யூட்டருக்கு புள்ளி, துணைக்குறி, நடுவுல இருக்கற ஸ்பேஸ் எல்லாம் சேத்து 12, யூடிஎஃப்-8னு எழுத்த சேமிக்கற முறையில 34 பைட் எடம். பழைய டேட்டாபேஸ்ல கட்டத்த 30 பைட்டுனு வச்சிருந்தா இந்த ஒரு பேரே உள்ள போகாது.

ஓடூல பொருள் பேரு பக்கத்துலயே சின்னதா மொழி கோடு (EN மாதிரி) இருக்கும், அத அமுக்குனா போட்டு வச்சிருக்கற எல்லா மொழிக்கும் தனித்தனி கட்டம் தொறக்கும், அடிச்சு சேவ் பண்ணா முடிஞ்சது. 2022ல வந்த 16வது வெர்ஷன்ல இருந்து எல்லா மொழியும் அந்தந்த பொருளோட வரிசையிலயே ஒண்ணா இருக்கு, அதுக்கு முன்னாடி மொழிபெயர்ப்புக்குனு தனி டேபிள் இருந்துச்சு. பில்லு வாங்கறவரோட மொழியில தானா போகும். ஒரு தலைவலி மட்டும் உண்டு, தமிழ்ல லாகின் பண்ணவர் 'காட்டன்'னு இங்கிலீஷ்ல தேடுனா, அந்த பொருளுக்கு தமிழ்ப் பேரு போட்டிருந்தா வராது, அவரோட மொழியிலதான் தேடும். இதுக்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோடு நம்பர் போட்டுருங்க, அதுக்கு மொழியே கெடையாது.

ஈஆர்பிநெக்ஸ்ட் மும்பைக்காரங்க பண்ணது, அக்கவுண்டிங்கோட மொத்தமும் ஓப்பன் சோர்ஸ், அதாவது காசில்லாம எடுத்து ஓட்டிக்கலாம். ஓடூவோட இலவச எடிஷன்ல முழு அக்கவுண்டிங் வராது, இதனாலயே பாதி பேர் இந்தப் பக்கம் வந்துருவாங்க, நியாயந்தான். ஆனா மொழி விஷயத்துல இது வேற மாதிரி. பொருள் பேருக்குனு மொழிவாரியா கட்டம் கெடையாது, மொத்த சர்வருக்கும் ஒரு அகராதி மாதிரி வச்சுக்கணும், இந்த வார்த்தைக்கு தமிழ்ல இதுன்னு. Cone-க்கு (நூல் சுத்தற கூம்பு) தமிழ்ல 'கோன்'னு ஒரு தடவ போட்டா எல்லா எடத்துலயும் அதுதான், எடம் பாத்து பிரிச்சும் குடுக்கலாம், ஆனா ஆயிரம் சரக்குக்கு யாருங்க உக்காந்து செய்யறது? பிரிண்ட் எடுக்கறதுல மட்டும் நல்ல வசதி, கஸ்டமருக்கு பிரிண்ட் மொழின்னு ஒரு கட்டம் இருக்கு, அப்பப்ப மாத்தியும் எடுக்கலாம்.

பெரிய கம்பெனிங்க வச்சிருக்கற எஸ்ஏபி சாஃப்ட்வேர்ல இதெல்லாம் எப்பவோ இருக்கு, மெட்டீரியல் விவரத்துக்கு மொழிவாரியா தனி டேபிளு, மொழிக்கு 40 எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு வர்றதுக்கு முன்னாடி அவங்களே ஒரே சர்வர்ல பல கோட்பேஜ் (எந்த நம்பருக்கு எந்த எழுத்துங்கற பட்டியல்) வச்சு ஓட்டிட்டு இருந்தாங்க, தப்பான மொழியில லாகின் பண்ணா கோழி கிறுக்குன மாதிரி தெரியும், அப்புறம் அவங்களே அத நிறுத்திட்டாங்க. நூல் கடைக்கு எஸ்ஏபி எதுக்கு, விடுங்க.

எத எடுத்தாலும் மாட்டப்போற எடம் ஒண்ணு இருக்கு. மொத நாள் தமிழ்ல டெலிவரி சலான் எடுத்தா ஃபுல்லா கட்டம் கட்டமா வந்துச்சு, ஸ்கிரீன்ல நல்லாத்தான் இருந்துச்சு. பிடிஎஃப் தயாராகறது சர்வர்ல, அதுல ஓடுற உபுண்டு ஆபரேட்டிங் சிஸ்டத்துல தமிழ் ஃபான்ட்டே இல்ல. லோஹித் தமிழ் ஃபான்ட்ட ஏத்தி சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணதும் சரியாச்சு, அதுக்குள்ள ரெண்டு மணி நேரம் நான் சாஃப்ட்வேரத்தான் திட்டிட்டு இருந்தேன். லேபிள் அடிக்கற தெர்மல் பிரிண்டர் அதுக்கு மேல, நாங்க வாங்குனதுக்கு தமிழ் எழுத்தே தெரியாது, படமா மாத்தித்தான் அனுப்ப வேண்டியிருந்துச்சு.

ஆக சரக்குப் பேரே மூணு மொழியில வேணும்னா ஓடூ. பில்லு மட்டும் கஸ்டமர் மொழியில போனாப் போதும், கணக்கும் காசில்லாம வேணும்னா ஈஆர்பிநெக்ஸ்ட். நாங்க ஓடூ போட்டோம், கணக்கு ஆடிட்டர்கிட்ட ஏற்கனவே இருந்த டேலிலயே ஓடுது. கோடவுன் அண்ணன் இப்ப தமிழும் அடிக்கறதில்ல, இங்கிலீஷும் அடிக்கறதில்ல, கோடு நம்பர மனப்பாடமா அடிக்கறாரு.