ரோஜா மணத்துக்கு எதை எடுப்பது: ஜெரேனியமா, பாமரோசாவா, ரோஜாவேதானா?

நறுமண எண்ணெய்களைக் கலக்கும்போது நடுவில் ஒரு மலர் மணம் வேண்டும் என்று முடிவு செய்தவர் முன்னால் பெரும்பாலும் மூன்று குப்பிகள் நிற்கின்றன: ரோஜா, ஜெரேனியம், பாமரோசா. இவற்றில் ஜெரேனியத்தை விலை குறைந்த ரோஜா என்ற கணக்கில் வாங்குபவர்களே அதிகம். அந்தக் கணக்கு அதற்குப் பெரிய அநியாயம் செய்கிறது என்பதே என் கருத்து.

மூன்றையும் ஒரே குடும்பம்போலத் தோன்றச் செய்வது முக்கியமாக ஜெரானியால் என்ற மணப்பொருள்; ரோஜாவிலும் ஜெரேனியத்திலும் சிட்ரோனெலால் என்ற மணப்பொருளும் நிறைய உண்டு. எலுமிச்சைப்புல்லின் உறவான பாமரோசாப் புல்லின் எண்ணெயில் ஜெரானியால் மட்டுமே ஏறத்தாழ 70 முதல் 85 சதவீதம் வரை இருக்கும். ஒரு காலத்தில் பம்பாயிலிருந்து கான்ஸ்டான்டிநோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) கப்பலேறிய பாமரோசா எண்ணெய், அங்கே ரோஜா எண்ணெயில் கலப்படமாகச் சேர்க்கப்பட்டது; வணிகர்கள் அதைத் துருக்கி ஜெரேனிய எண்ணெய் என்றே அழைத்தார்கள். மூன்று பெயர்களும் குழம்பிக் கிடப்பது புதிதல்ல.

தாள் பட்டைகளில் ஒவ்வொரு துளி இட்டு முகர்ந்து பார்த்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். ஜெரேனியம் முதலில் ரோஜாவாக வருவதே இல்லை. கசக்கிய இலையின் பச்சை வாசனையும், ஐசோமென்தோன் தரும் புதினாக் கூர்மையும்தான் முந்திக்கொள்கின்றன, அரை மணி நேரம் கழித்தே அதன் இனிப்பு மேலே வருகிறது. இதில் வியப்பில்லை, ஏனெனில் இந்த எண்ணெய் பூவிலிருந்து வருவதன்று. பெலர்கோனியம் இனச் செடியின் இலையையும் இளந்தண்டையும் நீராவியில் வடித்து எடுப்பது. பாமரோசா தெளிவாகவும் மென்மையாகவும் இனித்து, உலர்ந்த புல்லின் சாயலுடன் சீக்கிரமே மெலிந்துவிடும். ரோஜா எண்ணெயோ தேனும் மெழுகும் கலந்த ஆழத்துடன் மறுநாளும் தாளில் தங்கியிருக்கும். அந்த ஆழத்துக்குக் காரணமான டமாஸ்கெனோன் மிகச் சிறிய அளவில்தான் அதில் இருக்கிறது என்றாலும், மற்ற இரண்டையும் எப்படிக் கூட்டிக் கலந்தாலும் அது அகப்படுவதில்லை. குளிர்ந்த காலையில் ரோஜா எண்ணெய்க் குப்பியைச் சாய்த்தால் உள்ளே ஊசி ஊசியாக உறைந்து நிற்கும். உள்ளங்கையில் சற்று நேரம் பொத்தி வைத்தால் இளகிவிடும். மலரின் இயற்கை மெழுகே அப்படி உறைகிறது, எண்ணெய் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை.

ரோஜா எண்ணெயின் விலை இவ்வளவு கூடுதலாக இருப்பதன் காரணம் வடிப்பிலேயே இருக்கிறது. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 முதல் 4,000 கிலோ மலர் தேவைப்படும். ஜெரேனியத்துக்குச் சில நூறு முதல் ஆயிரம் கிலோ வரையிலான இலை போதும்.

ஜெரேனியம் என்று முடிவு செய்த பிறகும், எந்த நாட்டுச் சரக்கு என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. சீன எண்ணெயில் சிட்ரோனெலால் ஓங்கி, ஜெரானியால் குறைந்திருப்பதால் ரோஜாவைவிட எலுமிச்சை சார்ந்த கூர்மை தெரியும். எகிப்திய எண்ணெயில் இரண்டும் ஓரளவு சமநிலையில் இருப்பதால் மலர்த்தன்மை கூடும். புதிதாகக் கலக்கப் பழகுபவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ரீயூனியன் தீவின் பூர்போன் வகை இன்னும் செறிவானது, ஆனால் உண்மையான சரக்கு அரிது.

கலவையில் ஜெரேனியத்தின் பலத்தைக் குறைத்து மதிப்பிடுவதுதான் வழக்கமான தவறு. நறுமண எண்ணெயைக் கலந்து நீர்க்கச் செய்யும் அடிப்படை எண்ணெய் 30 மில்லியில் ஒரு சதவீதக் கலவைக்கு மொத்தம் 6 துளிகள் வேண்டும் என்றால், லாவெண்டர் 3, இனிப்பு ஆரஞ்சு 2, ஜெரேனியம் 1 என்ற அளவே போதும்; ஜெரேனியத்தை 3 ஆக்கினால் மற்ற இரண்டும் இருக்கும் இடம் தெரியாமல் போகும். ஆரஞ்சு போன்ற பழ மணங்களையும் தேவதாரு போன்ற மர மணங்களையும் இணைக்கும் வேலையில் ஜெரேனியத்துக்கு நிகராக மற்ற இரண்டையும் நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் அதன் பச்சைத்தன்மை இரு பக்கமும் ஒட்டுகிறது. ஆனால் ஒரு துளி ரோஜாவை நீட்டிக்க விரும்புபவர் பாமரோசாவைச் சேர்ப்பதே நல்லது; ஜெரேனியத்தின் புதினா வாடை அந்தக் கலப்பை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

தோலைப் பொறுத்தவரை மூன்றுமே முழுப் பாதுகாப்பானவை அல்ல. ஜெரானியால், சிட்ரோனெலால் இரண்டும் ஒவ்வாமை உண்டாக்கக்கூடியவை. தோலில் தங்கும் அழகுப் பொருள்களில் 0.001 சதவீதத்தைத் தாண்டினால் இவற்றின் பெயரை லேபிளில் குறிப்பிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. புற்றுநோய் உண்டாக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் மெத்தில் யூஜெனால் என்ற பொருளும் ரோஜாவில் இருப்பதால் அதைத் தாராளமாக ஊற்றக்கூடாது. முகத்துக்கு அரை முதல் ஒரு சதவீதத்துக்குள் நிறுத்தி, முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் தடவிப் பார்க்க வேண்டும். ஜெரேனியம் ஹார்மோன்களைச் சீராக்கும் என்று உறுதியாக எழுதப்படுவதை நான் ஏற்கவில்லை. மனத்துக்கு இதமளிக்கும் மணம் என்ற அளவில் அது எனக்குப் போதுமானது.

கலந்த உடனே முகர்ந்து தீர்ப்புச் சொல்வதும் ஜெரேனியத்துக்குப் பொருந்தாது. குப்பியை இறுக மூடி, வெளிச்சம் படாத இடத்தில் மூன்று நாள் வைத்துவிட்டுத் திறந்தால், புதினாக் கூர்மை அடங்கி இனிப்பு முன்னால் வந்திருக்கும். இரண்டாவது துளி வேண்டுமா என்பதை அப்போது முடிவு செய்துகொள்ளலாம்.